காசு ஒரு கணக்கு, பிள்ளை ஒரு கணக்கு

கேள்வி: வழக்கறிஞர் அம்மா, எனக்கு வயது 34. ஜெலுத்தோங்கில் என் அம்மா வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது, மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மகனுக்கு ஐந்தரை, பாலர் பள்ளிக்குப் போகிறான். நான் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். இப்போது பட்டர்வொர்த்தில் அவருடைய அம்மா வீட்டில் இருக்கிறார். நாங்கள் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. கல்யாணத்தை முறைப்படி பதிந்திருக்கிறோம்.

முதல் மூன்று மாதம் 600 வெள்ளி கொடுத்தார். அப்புறம் நின்றுவிட்டது. கேட்டால், “நீதானே வீட்டை விட்டுப் போனாய், நீயே பார்த்துக்கொள்” என்கிறார். காசு தராதவருக்குப் பிள்ளை எதற்கு என்று நானும் இரண்டு மாதமாகப் பிள்ளைகளைக் காட்டவில்லை. இடையில் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு தாள் எழுதினார்கள். மகன் அப்பாவிடம், மகள் என்னிடம், நான் செலவுக்குக் கேட்கக்கூடாது. அழுது களைத்திருந்த நேரம், கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் மகனை அனுப்ப மனம் வரவில்லை.

இப்போது தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் மகனுக்கு மொட்டை போடும் நேர்த்திக்கடன் இருக்கிறது, அனுப்பு என்று மாமியார் கேட்கிறார். அனுப்பினால் திரும்ப வருவானா என்று பயமாக இருக்கிறது. சிங்கப்பூரில் நாத்தனார் இருக்கிறார், அங்கே கொண்டுபோய்ப் படிக்க வைக்கிறோம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. “உனக்குச் சம்பளமும் குறைவு, சொந்த வீடும் இல்லை, கோர்ட்டுக்குப் போனால் இரண்டு பிள்ளைகளும் எனக்குத்தான்” என்கிறார் கணவர். விவாகரத்து கேட்க எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. நான் என்ன செய்வது?

— பெயர் வேண்டாம், ஜெலுத்தோங்

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தாளைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

பெரியவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் பிள்ளையை யார் வளர்ப்பது என்பதைச் சபை கூடித் தீர்ப்பெழுத முடியாது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், மணவிலக்கு எல்லாவற்றுக்கும் அடிப்படை 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கணவன் மனைவி தங்களுக்குள் என்ன ஒப்பந்தம் எழுதிக்கொண்டாலும், அதில் என்ன நிபந்தனை போட்டிருந்தாலும், பிள்ளையின் நலனுக்கு ஒவ்வாது என்று கண்டால் நீதிமன்றம் அதை மாற்றலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. “செலவுக்குக் கேட்கமாட்டேன்” என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது உங்கள் பணத்தை அல்ல. சாப்பாடும் உடுப்பும் படிப்பும் பிள்ளைக்குச் சேரவேண்டியவை. அவற்றை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது, வாங்கிக்கொள்ள அவருக்கும் கிடையாது.

அதற்காகத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். மகள் உங்களிடம் இருப்பதற்கு அவர் கைப்பட ஒப்புக்கொண்டது அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. எந்தச் சூழ்நிலையில் கையெழுத்துப் போட்டீர்கள், யார் யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம் பேச்சு நடந்தது என்பதை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளாக ஆக மறந்துபோகும்.

அடுத்தது, விவாகரத்துக்கு மனம் ஒப்பவில்லை என்கிறீர்கள். ஒப்பவேண்டாம். பிள்ளைகளுக்கான உத்தரவு வாங்க முதலில் விவாகரத்து கேட்கவேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிந்து வாழும் தாய், திருமணம் சட்டப்படி நீடிக்கும்போதே, 1961ஆம் ஆண்டின் சிறார் காப்பாளர் சட்டத்தின்கீழ்ப் பிள்ளைகளின் பொறுப்பைக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். இந்தச் சட்டத்தில் ஒரு காலத்தில் பிள்ளைக்குக் காப்பாளர் என்றால் தகப்பன்தான். 1999இல் திருத்தினார்கள். அன்றிலிருந்து தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை, சம அதிகாரம். “எங்கள் வம்சத்துப் பிள்ளை” என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் போய் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. அது மாமியார்மார் காதுக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

இனி, கணவரின் மிரட்டலுக்கு வருகிறேன். சம்பளம் கூட இருப்பவருக்கே பிள்ளை என்றால், இந்த நாட்டில் பாதித் தாய்மாருக்குப் பிள்ளைகள் மிஞ்சியிருக்க மாட்டார்கள். நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 88ஆம் பிரிவு அதைத்தான் முன்னால் வைக்கிறது. அதற்கு உட்பட்டுத்தான் பெற்றோரின் விருப்பமும், சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பமும் வரும். ஏழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே அதற்கு நல்லது என்ற அனுமானத்தோடுதான் நீதிபதி தொடங்குவார். உங்கள் மகனுக்கு ஐந்தரை. அந்த அனுமானம் இப்போது உங்கள் பக்கம். அதை உடைக்கவேண்டும் என்றால், தாயிடம் இருந்தால் பிள்ளைக்குக் கெடுதல் என்று அவர்தான் நிரூபிக்கவேண்டும். அம்மா வீட்டில் ஓர் அறையில் இருக்கிறீர்கள் என்பது கெடுதல் ஆகாது. வருமானம் குறைவு என்றால் அதை ஈடுகட்டத்தான் பராமரிப்புத் தொகை இருக்கிறது.

அதே பிரிவில் இன்னொரு வரி உண்டு. பலர் கவனிப்பதில்லை. பிள்ளையை இங்கும் அங்கும் மாற்றி அதன் வாழ்க்கையைக் குலைப்பது விரும்பத்தக்கதல்ல என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளவேண்டும். எட்டு மாதமாகப் பிள்ளைகள் உங்களிடம். அதே பள்ளி, அதே பாட்டி, அதே தெரு. இது உங்களுக்குச் சாதகம். ஆனால் இதே வரி உங்களுக்கு எதிராகவும் திரும்பும். “சண்டை வேண்டாம், கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும்” என்று மகனை ஒரு வருஷம் பட்டர்வொர்த்தில் விட்டீர்கள் என்றால், அங்குள்ள பள்ளியில் ஒன்றாம் ஆண்டும் சேர்த்துவிட்டார்கள் என்றால், அப்புறம் பிள்ளையைக் குலைக்கக்கூடாது என்று வாதாடுவது அவருடைய வழக்கறிஞராக இருப்பார். தற்காலிகம் என்று சொல்லித் தொடங்குகிற ஏற்பாடுதான் நீதிமன்றத்தில் நிரந்தரமாகிப் போகிறது. நான் அதிகம் பார்த்த கதை இது.

அக்காவையும் தம்பியையும் பிரிப்பது பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பிள்ளைகளையும் ஒருவரிடமே ஒப்படைக்கவேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் தனித்தனியே பார்க்கவேண்டும் என்பதே சட்டம். நெகிரி செம்பிலானைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கில், 2016 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டது. நீதிபதிகள் பிள்ளைகளிடமே பேசிப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பல காலம் பிரிந்து வளர்ந்தவர்கள். உங்கள் வீட்டில் இருவரும் ஒரே பாயில் படுத்துத் தூங்குகிறவர்கள். ஆண் பிள்ளை அப்பாவுக்கு, பெண் பிள்ளை அம்மாவுக்கு என்று ஆளுக்கொன்றாகப் பங்குபோட்டதைத் தவிர அந்தத் தாளில் ஒரு காரணமும் இல்லை. இதை நீதிபதி ஏற்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்பது வயது மகளிடம் நீதிபதி தம் அறையில் தனியாகப் பேசலாம். தயவுசெய்து அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். “அப்பா செலவுக்குக் கொடுக்கமாட்டார், பொறுப்பில்லாதவர்” என்று பெரிய மனுஷி மாதிரி ஒரு குழந்தை பேசினால், அது யாருடைய வாய்ச்சொல் என்று நீதிபதிக்கு உடனே விளங்கிவிடும். சமூகநல இலாகா அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுக்கவும் நீதிமன்றம் கேட்கலாம். வீட்டைப் பளபளவென்று ஆக்கவேண்டாம். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள், நீங்கள் வேலைக்குப் போனதும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நேரான பதில் இருந்தால் போதும்.

சாட்சியம் என்றதும் எல்லாரும் வாட்சாப் சண்டைகளைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் யார் கையெழுத்து? மகனின் கிளினிக் புத்தகத்தில் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனது யார்? காய்ச்சல் வந்த இரவு மருத்துவமனை ரசீதில் யார் பெயர்? பாலர் பள்ளி ஆசிரியை அவசரம் என்றால் முதலில் கூப்பிடும் நம்பர் யாருடையது? பிள்ளையை வளர்ப்பவர் யார் என்பதைப் பத்துப் பக்க சத்தியப் பிரமாணத்தைவிட இவை தெளிவாகச் சொல்லும்.

நீதிமன்ற உத்தரவில் பொறுப்பு என்பது ஒரே பொட்டலமாக வராது. படிப்பு, மருத்துவம், சமயம் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமை ஒன்று. அதைக் கஸ்டடி என்கிறோம். அன்றாடம் கூட வைத்திருந்து வளர்க்கும் பொறுப்பு இன்னொன்று. மற்றவர் வந்து பார்க்கவும் அழைத்துப் போகவும் உள்ள உரிமை மூன்றாவது. அதுதான் நாம் அக்சஸ் என்பது. கஸ்டடி இருவருக்கும் சேர்த்து, அன்றாடப் பொறுப்பு தாய்க்கு, அக்சஸ் தந்தைக்கு என்று அமைவது இங்கே சாதாரணமாக நடப்பது. கூட்டாகக் கஸ்டடி என்றதும் பிள்ளையைப் பாதிப் பாதி நாள் பங்கிடுவதாக எண்ணிப் பதறவேண்டாம். எந்தப் பள்ளி, எந்தச் சமயத்தில் வளர்ப்பது, எங்கே தங்குவது என்பதற்குக்கூட உத்தரவில் நிபந்தனை போடலாம். தமிழ்ப்பள்ளியா தேசியப் பள்ளியா சீனப்பள்ளியா என்று பின்னால் மல்லுக்கட்டுவதற்கு முன்னாலேயே மகனின் ஒன்றாம் ஆண்டுப் பள்ளியை எழுதி வாங்கிவிடுங்கள்.

இப்போது காசு. பிள்ளை யாரிடம் இருந்தாலும், அதற்கு உறைவிடம், உடை, உணவு, கல்வி கொடுப்பது பெற்றோரின் கடமை என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. “நீதானே வீட்டை விட்டுப் போனாய்” என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் வெளியேறியது சரியோ தவறோ, பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை. இத்தனை விழுக்காடு என்று நம் சட்டத்தில் வாய்ப்பாடு கிடையாது. பிள்ளையின் தேவையையும் பெற்றோரின் வசதியையும் வைத்துத்தான் தொகை முடிவாகும். உங்கள் சம்பளமும் கணக்கில் வரும். அதற்காக அவருடைய பங்கு பூஜ்யம் ஆகிவிடாது.

ஆகவே ஒரு மாதத்துக்கு இரு பிள்ளைகளின் செலவையும் எழுதுங்கள். பள்ளி வேன், டியூஷன், பாலர் பள்ளிக் கட்டணம், பால், உடுப்பு, மருந்து, வீட்டுச் செலவில் பிள்ளைகளின் பங்கு. ரசீது இருப்பவற்றுக்கு ரசீது. ஊதிப் பெருக்காதீர்கள். ஐந்தரை வயதுப் பையனுக்கு மாதம் 400 வெள்ளிக்குச் சப்பாத்து வாங்கியதாக ஒரு வரி இருந்தால், கணக்கு முழுவதையுமே நீதிபதி நம்பமாட்டார். கணவர் தரப்பில் அடிப்படைச் சம்பளம் மட்டும் காட்டுவார்கள். தொழிற்சாலையில் ஷிப்டு அலவன்சும் ஓவர்டைமும்தான் பாதி வருமானம் என்பது பாயான் லெப்பாஸில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். பல மாதச் சம்பளச் சீட்டு, இபிஎப் கணக்கு அறிக்கை, வருமான வரிக்குக் கொடுக்கும் இஏ பாரம் ஆகியவற்றைக் காட்டும்படி உங்கள் வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இதற்கும் விவாகரத்து தேவையில்லை. 1950ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பராமரிக்காமல் கைவிட்டவரை மாதாமாதம் பணம் கட்ட வைக்கும் சட்டம் அது. கைவிட்ட காலத்திலிருந்தே கணக்கிடச் சொல்லவும் இடமுண்டு. உத்தரவு வந்தபிறகும் வேண்டுமென்றே கட்டாமல் இருந்தால், அபராதத்தை வசூலிப்பதுபோல் வசூலிக்கலாம். கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. திருமணப் பதிவே செய்யாமல் கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொண்டவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு சேதி: முறையான திருமணத்தில் பிறக்காத பிள்ளைக்கும் தகப்பனிடம் பராமரிப்பு கேட்க இந்தச் சட்டத்தில் வழி உண்டு.

சிறையைவிட எனக்குப் பிடித்தது 1968ஆம் ஆண்டின் பராமரிப்பு அமலாக்கச் சட்டம். முதலாளியே சம்பளத்தில் பிடித்துச் செலுத்தும்படி இதன்கீழ் உத்தரவு வாங்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு எதிராக இது நன்றாகவே வேலை செய்யும். ஓட்டுநர், சொந்தத் தொழில், கையில் காசு வாங்குபவர் என்றால் கடினம். உங்கள் கணவர் தொழிற்சாலைச் சம்பளக்காரர் என்பது இந்த விஷயத்தில் உங்கள் அதிர்ஷ்டம். உத்தரவு வந்தபிறகு பாக்கியைச் சேரவிட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு முந்திய பாக்கியை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது.

பராமரிப்பு எத்தனை வயது வரை? பொதுவாக 18. உடல், மனக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அது தீரும்வரை. மேற்படிப்பு இதில் அடங்காது என்று 2004இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எஸ்.பி.எம். முடித்த கையோடு பிள்ளையின் செலவும் முடிந்துவிட்டது போல! அதற்குப் பிறகு அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை 2017இல் திருத்தினார்கள். திருத்தம் 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. மேற்படிப்போ பயிற்சியோ முடியும்வரை பராமரிப்பு நீடிக்கும் என்று 95ஆம் பிரிவு இப்போது சொல்கிறது. உங்கள் மகளுக்கு ஒன்பதுதான் என்றாலும் உத்தரவின் வாசகத்தில் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளப் போகிறேன். காசு தரவில்லை என்பதால் பிள்ளைகளைக் காட்டாமல் வைத்திருப்பது தவறு. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் காசு ஒரு கணக்கு, பிள்ளையைப் பார்ப்பது ஒரு கணக்கு. அவர் காசை நிறுத்தினால் அதற்கு நீதிமன்றம். பதிலுக்குப் பிள்ளையை நிறுத்திவைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அதேபோல, பிள்ளையைக் காட்டவில்லை என்று காசை நிறுத்த அவருக்கும் அதிகாரம் இல்லை. அப்பாவைப் பார்ப்பது பிள்ளையின் தேவை. மற்றவரோடு உறவை வளர்த்துக்கொடுக்கும் மனம் யாருக்கு இருக்கிறது என்பதையும் நீதிபதி எடைபோடுவார். அவர் காசை நிறுத்தியது அவருக்கு எதிரான பெரிய புள்ளி. நீங்கள் பிள்ளைகளை மறைத்தது அந்தப் புள்ளியை அழித்துவிடுகிறது. உத்தரவு வந்தபிறகும் இப்படியே செய்தால் நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிடும். அவர் அடித்தார், பிள்ளைகளுக்கு அவரால் ஆபத்து என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

“நியாயமான நேரத்தில் பார்க்கலாம்” என்று மொட்டையாக எழுதிய உத்தரவு சண்டைக்குத்தான் வழி வைக்கும். அவர் ஷிப்டு வேலைக்காரர். வாராவாரம் சனி, ஞாயிறு என்று எழுதினால் முதல் மாதமே இடிக்கும். அடுத்த மாத ஷிப்டு அட்டவணையை 25ஆம் தேதிக்குள் அவர் அனுப்பவேண்டும், அவருடைய ஓய்வு நாள்களில் இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம்வரை பிள்ளைகள் அவரோடு, இரவுத் தங்கல் மாதத்துக்கு இத்தனை, பள்ளி விடுமுறையில் பாதி, வாரத்தில் இன்ன நாள் வீடியோ அழைப்பு என்று எழுதுங்கள். ஒப்படைக்கும் இடத்தையும் போடுங்கள். நீங்கள் தீவில், அவர் பெருநிலத்தில். ஃபெரித் துறை நல்ல இடம். நாலு பேர் நடமாடும் இடம், யாரும் யாருடைய வாசலிலும் நின்று கத்தவேண்டியதில்லை. ஃபெரியில் போவது என்றால் பையனும் குஷியாகக் கிளம்பிவிடுவான்.

தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் எல்லாம் பெயர் சொல்லி எழுதவேண்டும். பினாங்கில் என்றால் தைப்பூசத்தைத் தனியாகவே எழுதவேண்டும். இரதம் புறப்படும் முதல் நாள் ஒருவரோடு, பூசத்தன்று மற்றவரோடு, அடுத்த ஆண்டு மாற்றி. கேட்கச் சின்ன விஷயம்போல் இருக்கும். பிரிந்த குடும்பங்களில் தைப்பூச வாரத்தில் என் கைப்பேசி ஓயாமல் அடிப்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். மொட்டை விஷயத்தில் என் யோசனை இது: நேர்த்திக்கடனை மறுக்காதீர்கள். இரு குடும்பமும் தண்ணீர்மலைக்கு வரட்டும். யார் மடியில் உட்கார வைப்பது என்பதற்கு முறை இருக்கிறது, தாய்மாமன் இருக்கிறார், உங்கள் தம்பியோ அண்ணனோ கூட வரட்டும். மொட்டை முடிந்து சாப்பிட்டதும் இன்ன மணிக்குப் பிள்ளை என்னோடு திரும்புவான் என்று முன்கூட்டியே வாட்சாப்பில் எழுதி, அவரிடம் “சரி” என்ற பதிலையும் வாங்கி வையுங்கள். அந்தப் பதில் வராவிட்டால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிங்கப்பூர்ப் பேச்சை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் கடப்பிதழ் உங்களிடம்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லை தாண்டிக் கொண்டுபோன பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப 1980இல் ஹேக் நகரில் ஒரு சர்வதேச ஒப்பந்தம் உருவானது. சிங்கப்பூர் அதில் சேர்ந்திருக்கிறது, மலேசியா சேரவில்லை. ஆகவே அந்த வழியில் பிள்ளையைத் திரும்பக் கேட்க முடியாது. போகாமல் தடுப்பதுதான் வழி. உங்கள் மனுவிலேயே, நீதிமன்ற அனுமதி இல்லாமல் பிள்ளைகளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்ற இடைக்காலத் தடையையும் சேர்த்துக் கேளுங்கள்.

உத்தரவு கையில் இருந்தும் பிள்ளை கையில் இல்லாத நிலை எப்படியிருக்கும் என்பதற்கு ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாயைவிட வேறு உதாரணம் வேண்டாம். 2009இல் கணவர் மதம் மாறி, பதினொரு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மூன்று பிள்ளைகளின் பொறுப்பையும் தாய்க்கே கொடுத்தது. 2018 ஜனவரி 29 அன்று, பெற்றோரில் ஒருவர் மட்டும் சம்மதித்துப் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் சட்ட வரலாற்றில் இடம்பிடித்த தீர்ப்பு. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், அந்தத் தாய் தன் கடைக்குட்டியைக் கண்ணால் காணவில்லை. உங்கள் நிலை அதுவல்ல, பயமுறுத்தவும் இல்லை. பிள்ளை போனபிறகு வாங்கும் உத்தரவுக்கும் போகுமுன் வாங்கும் உத்தரவுக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லத்தான்.

கடிதம் எழுதும் தமிழ் முஸ்லிம் சகோதரிகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். மேலே சொன்ன 1976ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஷரியா நீதிமன்றமும் மாநிலத்தின் இஸ்லாமியக் குடும்பச் சட்டமும்தான் உங்களுக்கு. அங்கே ஆண் பிள்ளைக்கு ஏழு, பெண் பிள்ளைக்கு ஒன்பது வயது வரை தாய்க்கு முன்னுரிமை. தாய் கேட்டால் நீதிமன்றம் அதை முறையே ஒன்பது, பதினொன்று வரை நீட்டலாம். அதை இன்னொரு இதழில் விரிவாக எழுதுகிறேன்.

பின்னால் ஒருநாள் விவாகரத்துக்கே போகவேண்டி வந்தால் இரண்டு பாதை. இருவரும் சம்மதித்தால் கூட்டு மனு. ஒருவர் மட்டும் கேட்டால், முதலில் தேசியப் பதிவு இலாகாவில் சமரசக் குழு முன்னால் உட்காரவேண்டும். அங்கே வழக்கறிஞர்கள் வரமுடியாது, நீங்கள்தான் பேசவேண்டும். ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. அதுவரை பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன பராமரிப்பு மனு தனியாக நடக்கும்.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்றால், சட்ட உதவி இலாகா குடும்ப வழக்குகளை எடுக்கிறது. வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், சம்பளச் சீட்டு கொண்டுபோங்கள். பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. பேசி மனத்தை ஆற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்றால் பெண்கள் மாற்றத்துக்கான மையத்துக்குப் போங்கள். 1985இலிருந்து இதே ஜோர்ஜ் டவுனில் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். கோர்ட் என்ற சொல்லுக்கே பயப்படவேண்டாம். 1807ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் நீதிமன்றம் வந்த ஊர் நம் பினாங்கு. லைட் ஸ்திரீட் படிகளில் உங்களுக்கு முன்னால் எத்தனையோ தாய்மார் ஏறியிருக்கிறார்கள்.

இந்த வாரமே கணவருக்கு ஒரு சேதி அனுப்புங்கள். பிள்ளைகளை இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில் பார்க்கலாம் என்று மரியாதையாக இரண்டே வரி. பழைய கணக்கு ஒன்றும் அதில் வேண்டாம். பிறகு திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அந்தத் தாள், செலவுக் கணக்கு, முதல் மூன்று மாதம் அவர் 600 வெள்ளி போட்ட வங்கிப் பதிவு, எல்லாவற்றையும் ஒரு பைலில் வைத்துக்கொண்டு சட்ட உதவி இலாகாவுக்குப் போங்கள். மகனுக்கு ஏழு வயது நிறைய இன்னும் ஒன்றரை ஆண்டுதான் இருக்கிறது. மனு அதற்கு வெகு முன்னாலேயே பதிவாகியிருக்க வேண்டும்.